வடக்கு எந்தப் பக்கம்?

காம்பஸ் என்று சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த அந்தக் கூர்மையான சாமான்தான் ஞாபகம் வரும். வட்டம் போடக் கொடுத்தார்கள். நாம் பெஞ்சில் பெயர் செதுக்கவும், முன் வரிசைக்காரன் முதுகைக் குத்தவும் வைத்துக்கொண்டோம். அதற்குத் தமிழில் கவராயம் என்று பெயர். முள் வைத்து வடக்கு காட்டுகிற இன்னொரு காம்பஸுக்குத் திசைகாட்டி என்று பெயர். தமிழ் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. இங்கிலீஷ்தான் ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பிவிட்டது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இரண்டுமே தேவைப்பட்டதில்லை. டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம். இந்த ஒரே திசை ஞானத்தை வைத்துக்கொண்டு நாற்பதைத் தாண்டிவிட்டேன்.

போன வருஷம் ஒரு திசைகாட்டி செய்ய வேண்டி வந்தது. நிஜத் திசைகாட்டி இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு வீட்டில், கம்ப்யூட்டர் வரைந்த ஒரு கையில் பிடித்துக்கொள்வதற்கு, கம்ப்யூட்டர் வரைந்த ஒரு திசைகாட்டி. செய்தவன் என் அக்கா மகன். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன், டீ போட்டுக் கொடுத்தேன். சினிமாவில் இதற்குத் தயாரிப்பு மேற்பார்வை என்று டைட்டில் போடுவார்கள்.

எதற்கு இந்த வேலை? அம்மாவுக்காக.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல்காட்டுக் கிராமம். அப்பா போன பிறகும் ரொம்ப நாள் அங்கேதான் தனியாக இருந்தாள். ரோடு அகலமானபோது வீடு ரோட்டுக்குப் போயிற்று. நஷ்ட ஈடு வந்தது, வீடு போயிற்று, அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். ஏழாவது மாடி ஃபிளாட். ஒரே அச்சில் வார்த்த நாலு பிளாக். லிஃப்டில் இருந்து வெளியே வந்தால் ஜன்னல் இல்லாத நீளக் காரிடார். பகலிலும் ட்யூப் லைட்.

வந்த முதல் ராத்திரியே கேட்டாள்: “ஏய்யா, இங்க வடக்கு எந்தப் பக்கம்?”

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். நான் மொபைலைப் பார்த்துவிட்டு, “இடது கைப் பக்கம்மா” என்றேன்.

“எவன் இடது கை? ஓன் இடது கையா, எங் கையா?”

நியாயமான கேள்வி. அம்மா இடது, வலது என்று பேசியே நான் கேட்டதில்லை. “அந்தச் செம்பத் தெக்காம நகத்தி வை”, “மேக்காமத் திரும்பிப் படு”, “ஒன் வடக்குக் கன்னத்துல பருக்கை ஒட்டியிருக்கு.” கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் மனைவி கல்யாணமான புதிதில் திணறியிருக்கிறாள். திரும்பி உட்கார்ந்தால் அது தெற்குக் கன்னமாகிவிடும்.

இது அம்மாவின் தனிப்பட்ட வினோதம் இல்லை. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் இதைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்திருக்கிறார். ஒரே தமிழைப் பேசினாலும், கிராமத்துக்காரர்கள் மேஜை மேல் இருக்கும் சாமானுக்குக்கூட வடக்கு, தெற்கு சொல்கிறார்கள், நகரத்துக்காரர்கள் இடது, வலது சொல்கிறார்கள் என்று எழுதினார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் என்று ஒரு பூர்வகுடி மொழி. கங்காரு என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்த மொழி. அதிலும் இதே கதை. ‘உன் காலுக்கு வடக்கே எறும்பு’ என்கிற ரகம். இப்படிப் பேசுகிறவர்கள், தாங்கள் எங்கே நின்றாலும் திசை எது என்று உள்ளுக்குள் ஓயாமல் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வைத்துக்கொள்ளாவிட்டால் அவர்களால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாது.

அம்மாவுக்குச் சென்னை ஃபிளாட்டில் அந்தக் கணக்குதான் அறுந்துபோயிற்று. பேச்சு குறைந்தது. “அத எடு”, “அங்க வை” என்று கையைக் காட்ட ஆரம்பித்தாள். கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் கீழே பிள்ளையார் கோயிலுக்குப் போனவள் முக்கால் மணி நேரமாகத் திரும்பவில்லை. தேடிப் போனால், அடுத்த பிளாக்கில் அதே ஏழாவது மாடியில், வேறு யார் வீட்டுப் பூட்டிலோ நம் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் வந்தது ஒரே சந்தேகம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனோம். தேதி கேட்டார், பிரதமர் பெயர் கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா மளிகைக் கடைக்காரர் மாதிரி கழித்துக்கொண்டே போனாள். நான்தான் மனசுக்குள் எழுபத்தொன்பதில் நின்றுவிட்டேன். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வழி தெரியாமல் போவதை மட்டும் கவனித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் மூளையில் ஒரு திசைகாட்டி உண்மையாகவே இருக்கிறது. 1971ல் ஜான் ஓ’கீஃப், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற செல்களைக் கண்டுபிடித்தார். 1984ல் ஜேம்ஸ் ராங்க், தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்க்கும்போது மட்டும் துடிக்கிற செல்களைச் சொன்னார். 2005ல் நார்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்கிற செல்களைக் காட்டினார்கள். 2014ல் ஓ’கீஃபுக்கும் மோசர்களுக்கும் நோபல் பரிசு. இந்தக் கட்டம் கட்டும் செல்கள் இருக்கிற பேட்டையைத்தான் அல்ஸைமர் நோய் ஆரம்பத்திலேயே வந்து தட்டுகிறது. அதனால்தான் பெயர் மறப்பதற்கு முன்பே சிலருக்கு வழி மறந்துவிடுகிறது.

இதைச் சோதிக்க 2016ல் ‘சீ ஹீரோ க்வெஸ்ட்’ என்று ஒரு மொபைல் கேம் விட்டார்கள். படகு ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். 2017ல் கண்ணை மூடி மாட்டிக்கொள்கிற வெர்ச்சுவல் ரியாலிட்டி வடிவமும் வந்தது. அந்தக் கேமில் சேர்ந்த விவரத்தில் 38 நாட்டுக்காரர்கள் சுமார் 4 லட்சம் பேருடையதை அலசி, 2022ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்றது. கரிசல்காட்டில் வளர்ந்த அம்மா இந்தக் கணக்கில் ஜெயித்த கட்சி. அப்படிப்பட்டவள் ஏன் தொலைந்துபோனாள்?

“மாமா, ஆச்சிக்கு மேப் மறக்கல. மேப்ல வடக்குன்னு ஒரு அம்புக்குறி இருக்கும்ல, அது கிழிஞ்சுபோச்சு. அவ்ளோதான்” என்றான் அக்கா மகன்.

அவன் கம்ப்யூட்டரில் முப்பரிமாண வீடுகள் கட்டுகிற வேலையில் இருப்பவன். கட்டடம் எழும்புமுன் வாங்குகிறவரை உள்ளே நடக்க வைப்பார்களே, அது. பழைய கல்யாண ஆல்பங்கள், அக்காவின் ஞாபகம், இடிப்பதற்கு முன்னால் நான் மொபைலில் எடுத்த வீடியோ, எல்லாவற்றையும் வைத்து ஊர் வீட்டை மூன்று மாதத்தில் கட்டிவிட்டான். திண்ணை, ரேழி, தொழுவம், கிணறு. ஆச்சியை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்து, கையில் ஒரு திசைகாட்டியைக் கொடுத்தால் என்ன என்பது அவன் யோசனை.

இந்தத் தலைமாட்டி வித்தை புதுசு இல்லை. ஐவன் சதர்லாந்து 1968லேயே ஒன்று செய்தார். தலையில் மாட்டி, மேலே கூரையோடு பிணைத்த ராட்சதச் சாமான். இப்போது அது ஒரு பெரிய நீச்சல் கண்ணாடி அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் தலையைத் திருப்பினால் அதற்குத் தெரியும். விநாடிக்கு 72 தடவை, 90 தடவை என்று புதுப் படம் வரைந்து கண்ணுக்கு முன் வைக்கும். கையில் ஒரு பிடி. அதை நீங்கள் ஆட்டினால் உள்ளே ஒரு கை ஆடும்.

உள்ளே இருக்கும் கையில் ஒரு பித்தளை டப்பா, கண்ணாடி மூடி, சிவப்பு முனை வைத்த முள். டப்பாவில் வ, கி, தெ, மே என்று தமிழில் எழுத்து. இதையெல்லாம் வரைய அரை நாள். முள்ளை வடக்கு பார்க்க வைக்க ஒரு வாரம்.

என்ன சிரமம்? கம்ப்யூட்டர் உலகத்தில் காந்தம் கிடையாது. 1600ல் வில்லியம் கில்பர்ட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்று எழுதினார். நாம் நடமாடுவது அந்தக் காந்தத்தின் மேல். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தரையோ வெறும் படம். முள் டப்பாவோடு சேர்த்து வைத்த சாமான், டப்பா எப்படித் திரும்பினாலும் கூடவே திரும்பும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றினாலும் பன்னிரண்டு பன்னிரண்டிலேயே இருக்கிற மாதிரி. முள்ளிடம் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது விநாடிக்கு எழுபது தடவைக்கு மேல், ‘நீ இப்போது இந்தப் பக்கம் பார்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் வழி எளிது. கை எத்தனை டிகிரி வலது பக்கம் திரும்பியதோ, முள்ளை அத்தனை டிகிரி இடது பக்கம் திருப்பு. டெபிட், கிரெடிட். எனக்கே புரிந்தது. மேஜையில் வைத்த மாதிரி தட்டையாகப் பிடித்தால் அருமையாக வேலை செய்தது. கொஞ்சம் சாய்த்துச் செங்குத்தாகப் பிடித்தால் முள் பேய் பிடித்த மாதிரி சுழன்றது. காரணம், ஒரு பொருள் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதை மூன்று கோணங்களில் எழுதுகிறார்கள். சில நிலைகளில் அந்த மூன்றில் இரண்டு ஒன்றோடொன்று கலந்துவிடும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நிலாவுக்குப் போன அப்போலோ ஓடங்களின் வழிகாட்டிக் கருவிக்கே இந்த ஆபத்து இருந்தது. ஓட்டிகள் அந்த நிலைக்குப் போகாமல் ஜாக்கிரதையாகத் திருப்பினார்கள். எங்கள் ஆச்சியிடம் அந்த ஜாக்கிரதையை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது வழிதான் சரியான வழி. அது நிழல். வீட்டுக்குள் வடக்கு நோக்கி ஒரு கண்ணுக்குத் தெரியாத அம்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்பின் நிழல் டப்பாவின் முகத்தில் நேர் செங்குத்தாக விழுகிறது. நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் முள். டப்பாவை எப்படிச் சாய்த்தாலும் நிழல் விழும். முகத்தை நேராக வடக்குக்கே காட்டிப் பிடித்தால் மட்டும் நிழல் ஒரு புள்ளியாகிவிடும், திசை இருக்காது. அப்போது, கடைசியாக இருந்த இடத்திலேயே நில் என்று சொல்லிவிட்டான். நிஜத் திசைகாட்டியையும் அப்படிச் சரித்தால் முள் கண்ணாடியில் உரசி நின்றுவிடும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிட்டி என்ற மென்பொருளில் இந்த நிழல் வேலைக்கு ஒரு ரெடிமேட் கட்டளையே இருக்கிறதாம். ஒரே வரி.

முள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்டது. ரொம்பவே கேட்டது. கையைத் திருப்பின கணத்தில் சடக்கென்று வடக்கில் நின்றது. பார்த்தால் உயிரில்லாத மாதிரி இருந்தது. ஸ்டேஷனரிக் கடையில் ஒரு சின்னத் திசைகாட்டி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிஜ முள் நேராக வந்து நிற்பதில்லை. வடக்கைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது, இன்னும் கொஞ்சம் தாண்டுகிறது, தயங்கித் தயங்கி அடங்குகிறது. சந்தையில் விலை ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிலைக்கிற மாதிரி என்றேன். அவன் கவனிக்கவில்லை.

இதற்கு இரண்டே எண்கள். வடக்கிலிருந்து விலகினால் எவ்வளவு வேகமாக இழுப்பது என்று ஒன்று. ஓடுகிற முள்ளை எவ்வளவு தடுப்பது என்று ஒன்று. ஊஞ்சலுக்கு உள்ள அதே கணக்கு. இதில் ஒரு சூட்சுமம், ஒவ்வொரு படத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் பெருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமான மெஷினில் ஒரு மாதிரியும் மெதுவான மெஷினில் வேறு மாதிரியும் ஆடும். வட்டியைத் தினம் கூட்டுவதற்கும் வருஷக் கடைசியில் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்றேன். “கரெக்ட் மாமா” என்று முதல் தடவையாக என்னைப் பார்த்தான். பி.காம். வீண் போகவில்லை.

அம்மாவுக்குக் கை லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் முள்ளுக்குப் போய், முள் ஓயாமல் படபடத்தது. தடுப்பு எண்ணைக் கூட்டினோம். நிஜ உலகத்தில் இதே பிரச்னையைத் திரவம் ஊற்றித் தீர்த்தார்கள். பின்லாந்தில் டூமாஸ் வோலோனென் என்பவர், காட்டில் திசைகாட்டியோடு ஓடுகிற பந்தயங்களில் கலந்துகொள்கிறவர், முள் சீக்கிரம் அடங்கவில்லையே என்று கடுப்பாகித் திரவம் நிரப்பிய திசைகாட்டியைத் தயாரிக்க ஒரு முறை கண்டுபிடித்து, 1936ல் சூன்டோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். எங்களுக்கு எண்ணெய் செலவு இல்லை. எண்தான்.

நிஜத் திசைகாட்டிக்கு இன்னொரு தலைவலி உண்டு. பூமியின் காந்தம் வட துருவத்தின் பக்கம் போகப் போக முள்ளைத் தரைக்குள் இழுக்கும். அதனால் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் முள்ளின் எடையைச் சரிசெய்து விற்கிறார்கள். நம் தெற்குச் சீமையில் அந்தத் தொல்லை இல்லை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963ல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே இதனால்தான். அம்மாவின் ஊரில் முள் கிட்டத்தட்டத் தரைமட்டமாகவே படுத்துக்கிடக்கும். ஒரு எண் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் மாட்டினோம். நடக்க விடவில்லை. கண், நடக்கிறோம் என்று சொல்லி, காது, இல்லை உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னால் வயிற்றைப் புரட்டும். உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்கலாம்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னய்யா இது, வெயிலு தொழுவத்துப் பக்கமிருந்து வருது?” என்றாள் அம்மா. “காலைல எப்படிய்யா தொழுவத்துல வெயிலு?”

அப்புறம் கையைத் தூக்கித் திசைகாட்டியைப் பார்த்தாள். “முள்ளு வேற வாசலப் பாத்து நிக்கு. வாசல் கிழக்குல்லா?”

பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த மென்பொருளில் முன்பக்கம் என்று ஒரு அச்சு உண்டு. வீடு கட்டுகிறவர்கள் வாசலை வழக்கமாக அந்த அச்சில் வைத்துவிடுவார்கள். திசைகாட்டியும் அதையே வடக்கு என்று எடுத்துக்கொண்டது. நிழல், ஊஞ்சல் கணக்கு எல்லாம் பிசகில்லாமல் வேலை செய்து, வாசலை வடக்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. வடக்கு எது என்பதை அந்த உலகத்தில் யாராவது ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்த வீட்டில் அந்த உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அம்பைத் தொண்ணூறு டிகிரி திருப்பினான். சூரியனையும் வாசலுக்குக் கொண்டுவந்தான்.

“இப்பச் சரி” என்றாள் அம்மா.

அவனுக்கு ஒரு ஆசை. மைன்கிராஃப்ட் என்று பிள்ளைகள் ஆடுகிற கேம் இருக்கிறதே, அதில் சாதாரணத் திசைகாட்டி வடக்கைக் காட்டாது. ஆட்டம் ஆரம்பித்தபோது நாம் முதலில் தோன்றிய இடத்தைக் காட்டும். எங்கே தொலைந்தாலும் பிறந்த இடத்துக்கு வழி. அதைச் சொல்லி, “ஆச்சி, முள் எப்பவும் நம்ம வீட்டையே காட்டுற மாதிரி வெச்சிடட்டுமா?” என்று கேட்டான். எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. கண்கூடக் கலங்கிற்று.

அம்மாவுக்குப் படவில்லை. “வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு முள்ளு எதுக்குய்யா? அத வடக்கக் காட்டச் சொல்லு. மத்தத நாம் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த வேலைதான் முக்கியமான வேலை. தலைமாட்டிக்குள் இருக்கும் வடக்குக்கும் எங்கள் ஹாலின் வடக்குக்கும் சம்பந்தம் இல்லை. மாட்டிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அதுவே அதற்கு முன்பக்கம். இரண்டு வடக்கையும் ஒன்றாக்க வேண்டும். கடைத் திசைகாட்டியை மேஜையில் வைத்தால் ஒரு வடக்கு, தூண் பக்கத்தில் வைத்தால் இன்னொரு வடக்கு. கான்கிரீட்டுக்குள் கம்பி. இது பெரிய இடத்துச் சங்கடம். பம்பாய் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தார்கள். டிராமுக்கு மின்சாரம் வரப்போகிறது என்றதும், முள் கெட்டுவிடும் என்று 1904ல் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். நாங்கள் எங்கே போவது? சூரிய உதயமும் உதவாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஓரிரு நாள்தான் நேர் கிழக்கில் உதிக்கும். மற்ற நாட்களில் சென்னையில் 24 டிகிரி வரை வடக்கேயோ தெற்கேயோ ஒதுங்கிவிடும். கடைசியில் சாட்டிலைட் படத்தில் எங்கள் பிளாக்கின் சுவர் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் கோணம் எடுத்தான். தரையில் இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடு ஒட்டினான். நாற்காலி அந்தக் கோட்டில். பொத்தான் அந்தக் கோட்டைப் பார்த்து.

இந்தத் தடவை அம்மா பத்து நிமிஷம் உள்ளே இருந்தாள். மெதுவாகச் சுற்றினாள். திசைகாட்டியை ஒன்றிரண்டு தடவைதான் பார்த்தாள். கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று, கையை நீட்டி, “இது ஈசானி மூல” என்றாள். கழற்றச் சொன்னாள். நீட்டின கையை மடக்காமலே கண்ணைத் திறந்து பார்த்தாள். விரலுக்கு நேரே எங்கள் ஃபிரிட்ஜ் நின்றது.

“அப்போ இதுதான் கெணத்தடி” என்றாள்.

எழுந்தாள். பூஜை அலமாரியைத் தொட்டாள். “இது திண்ண.” பாத்ரூம் கதவு. “இது தொழுவம். ரொம்பச் சரி.” காரிடாருக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டே லிஃப்ட் வரை நடந்து, “லிப்டு நம்ம வீட்டுக்குத் தெக்க. கோயிலு கீழ எறங்கி மேக்க” என்று யாருக்கோ சாட்சி சொல்வதுபோலச் சொன்னாள். மறுநாள் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு இருபது நிமிஷத்தில் திரும்பினாள். நான் பால்கனியில் ஒளிந்து நின்று பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அறிவியல் அதிசயம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போகிறோம். வயதாகிறது. நாளைக்கு என்ன என்று யார் கண்டார்கள்? தலைமாட்டியை அதற்கப்புறம் அவள் நாலைந்து தடவைதான் கேட்டாள். கனக்கிறது, மூக்கு வலிக்கிறது என்பாள். ஆனால் பேச்சு திரும்பி வந்துவிட்டது. என் மனைவி இப்போது மாவு பாத்திரத்தைக் கிணற்றடியில்தான் வைக்கிறாள். தயிரும் கிணற்றடியில்தான் இருக்கிறது. தரையில் ஒட்டிய டேப் மாப் போட்டுப் போட்டுக் கிழிந்துவிட்டது. யாரும் மறுபடி ஒட்டவில்லை.

எனக்குத்தான் புதுத் தொல்லை. ஆபீஸில் உட்கார்ந்தால் வடக்கு எது என்று யோசிக்கிறேன். எடிட்டர் அறை தென்மேற்கு. கேண்டீன் நேர் கிழக்கு. இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன், கேண்டீன் கிழக்கு என்று இப்போதுதான் தெரியும்.

போன வாரம் ஆபீஸில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். கேஸ் சிலிண்டர் வரும், தெற்கு லிஃப்டில் ஏறச் சொல்லு, மற்றது ரிப்பேர் என்றாள். சிலிண்டர் கொண்டுவந்த பையன் கேட்டிலிருந்து எனக்குப் பேசினான்.

“தெற்கு லிஃப்ட்டுல வாப்பா” என்றேன்.

“தெற்குன்னா லெஃப்டா, ரைட்டா சார்?”

“நீ இப்ப எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறே?” என்று கேட்டேன்.